வாய்க்கு வராத மாட்டேன்

இன்பத்துக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து 'மாட்டேன்' என்று அவள் சொன்னதே கிடையாது. சொல்லக் கூடாது என்று விரதம் ஒன்றும் இல்லை. சொல் தொண்டை வரைக்கும் வரும். எதிராளியின் கண் தன்மேல் நிற்பதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதற்குப் பதிலாக வாயிலிருந்து 'சரி' விழும்.

எட்டாம் வகுப்போடு படிப்பு போதும் என்று அய்யா சொன்னபோது சரி என்றாள். ராஜசிங்கைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோதும் சரி. ஆலயத்தில் அசன விருந்து போடுகிற வருஷமெல்லாம் அண்டா கழுவுவதற்கு ஆள் தேடுவார்கள். கேட்பதற்கு முன்பே இன்பம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொள்வாள். கேட்டு, தான் சரி என்று சொல்லி, அதை நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அது சுலபம்.

இப்போது அவளுக்கு எல்லாம் அலுத்துவிட்டது. முழங்கால் மடங்க மறுக்கிறது. காலையில் ஆமத்தூர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்குள் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னையே ஒரு மூட்டை மாதிரித் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. ராஜசிங் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் ஜெஸ்லின் கோயம்புத்தூரில் நர்ஸ். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகிறது. "போதும்மா பட்டாசு ஒட்டுனது. எங்கூட வந்து இருந்திருங்க" என்றாள். இன்பம் அதற்கும் சரி என்றாள். வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டுச் சொன்ன சரி அது ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்குக் கிளம்பிவிடுவதென்று முடிவானது.

ஆனால் செல்லத்தாயை என்ன செய்வது?

செல்லத்தாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஆமத்தூருக்குப் பக்கத்துக் காட்டில் அண்ணன் கண்ணுச்சாமிக்குச் சொந்தமாக நிலம் உண்டு. அங்கே அவர் வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. 'வா, போ, தின்னு' மூன்றுக்கும் வீட்டில் கையைக் காட்டுவார்கள். அதற்கு மேல் அவளிடம் சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் இருந்ததில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இன்பம் பட்டாசுக் கம்பெனிக்கு முதல் நாள் வேலைக்குப் போனபோது, பூச்சட்டி பெட்டி போடுகிற ரூமில் ஒரு இடம் காலியாக இருந்தது. செல்லத்தாய்க்குப் பக்கத்து இடம். ஊமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சுத் துணை இருக்காது என்று மற்றவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். பேச்சுக்குப் பயந்த இன்பத்துக்கு அது ஆண்டவர் ஒதுக்கி வைத்த இடம்போல இருந்தது. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே காலை வைத்தாள். வைத்ததுதான் தாமதம், செல்லத்தாய் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்பத்தின் தலையில் குத்தியிருந்த, உரசினால் பொறி பறக்கிற இரும்புக் கொண்டை ஊசியை உருவி அவள் உள்ளங்கையிலேயே வைத்தாள். பிறகு மணிக்கட்டுக்கு மேலே சுருக்கென்று ஒரு கிள்ளு. இன்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் ஊசி இல்லை, ஆனால் கொலுசை மறந்து போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். இந்தத் தடவை செல்லத்தாய் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கொலுசைக் காட்டினாள். காட்டிவிட்டுத் தன் மணிக்கட்டைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் முதலில் பிறந்த சொல் அதுதான். கூடாது.

அதன் பிறகு அந்தப் பாஷை தானாக வளர்ந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. ஒருநாள் லேபிள் தீர்ந்துபோயிற்று. இன்பம் இன்னும் கேட்டதற்குச் செல்லத்தாய் வெறும் உள்ளங்கையை விரித்து, மாவைத் தட்டிவிடுவதுபோல ஃபூ என்று ஊதினாள். அன்றிலிருந்து எதைக் காட்டிவிட்டு ஊதினாலும் அது இல்லை. பஸ்ஸைக் காட்டி ஊதினால் பஸ் இல்லை. சோற்றைக் காட்டி ஊதினால் வீட்டில் காலையில் ஆக்கவில்லை. ஊதுவதற்கு வாயைக் குவித்து, ஊதாமல் அப்படியே நிறுத்தினால் இன்னும் இல்லை, பொறு. இரண்டு கையையும் விரித்து ஊதிவிட்டால் என்றைக்குமே இல்லை.

வேண்டாம் என்பது சாப்பாட்டு நேரத்தில் பிறந்தது; புறங்கையால் தூக்குச் சட்டியைத் தள்ளுவது. மாட்டேன் ஒரு மழை நாளில் வந்தது. குளிரில் செல்லத்தாய் இரண்டு கையையும் கக்கத்துக்குள் சொருகிக்கொண்டிருந்தாள். இன்பம் அட்டையை நீட்டினாள். கையை வெளியே எடுக்காமலே தலையைத் திருப்பிக்கொண்டாள் செல்லத்தாய். கையே இல்லாத ஆளிடம் எந்த வேலையைக் கொடுக்க முடியும்? இருவரும் சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது.

கூடாது என்ற கிள்ளல் ஒன்றாகப் பிறந்து பலவாகப் பிரிந்தது. ஒரு காரியத்தைச் செய்வதுபோல முழுசாக நடித்துக்காட்ட வேண்டும். அப்புறம் மணிக்கட்டைக் கிள்ள வேண்டும். சும்மா கிள்ளினால் செய்யாதே. ஆனால் யார் தடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமே. சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தைத் தட்டிவிட்டுக் கிள்ளினால் போர்மேன் தடுக்கிறார். கூரையைப் பார்த்துவிட்டுக் கிள்ளினால் சாமி. கண்ணை இறுக மூடிக்கொண்டு கிள்ளினால் அது வெடிமருந்தின் தடை. தேய்க்காதே, தட்டாதே, இழுக்காதே எல்லாம் அந்தக் கணக்கில் வரும். போர்மேன் தடையை அவர் அந்தப் பக்கம் போனதும் மீறலாம். சாமி தடைக்குப் பரிகாரம் செய்துகொள்ளலாம். கண் மூடின கிள்ளலுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியே கிடையாது.

இப்படிப் பார்த்தால் அந்தப் பாஷையில் முக்கால்வாசி கூடாதுதான். செய் என்பதற்குத் தனியாக ஒன்றும் இல்லை, விரலை நீட்டினால் போதும். சுகமா என்று கேட்பதற்குக்கூடப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு கை அசைப்பு உண்டாகவில்லை. சுற்றியிருக்கிற சுவர் அத்தனையிலும் செல்போன் கூடாது, நைலான் சேலை கூடாது, இரும்புச் சாமான் கூடாது, நாலு பேருக்கு மேல் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. அந்தச் சுவருக்கு நடுவில் பிறந்த பாஷை வேறு எப்படி இருக்கும்?

இன்பத்துக்கு அதில் ஒரு சொகுசு இருந்தது. வாயால் வராததெல்லாம் கையால் வந்தது. போர்மேன் சங்கிலிமுத்து சாயந்திரம் வாசலில் வந்து நிற்பார்.

"ஏத்தா இன்பம், இந்த லோடு இன்னிக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்ணே."

அவர் திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் இன்பத்தின் கை இரண்டும் கக்கத்துக்குள் போய்விடும். செல்லத்தாய்க்குப் பேச்சுத்தான் வராது, சிரிப்பு நன்றாகச் சத்தமாக வரும்.

"அங்கன என்ன சிரிப்பு?" என்று சங்கிலிமுத்து நின்று கேட்பார்.

"ஒண்ணுமில்லண்ணே, தும்முச்சு."

எதிரே உட்கார்ந்து பெட்டி மடக்கும் கற்பகவல்லி விடமாட்டாள். "ஏ இன்பக்கா, வாயில ஒண்ணு கையில ஒண்ணு வச்சிருக்கீகளே, நாங்க எதை நம்ப? ஆலயத்துல போயும் இப்பிடித்தான் செபம் பண்ணுவீகளா?"

"சும்மா இரு, கற்பகம்."

"நான் சும்மாதான் இருக்கேன். ஒங்க கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

விளையாட்டாக இருந்தவரைக்கும் சரி. ஆனால் செல்லத்தாய் சொல்வதைப் போர்மேனிடம் சொல்ல வேண்டியவளும் இன்பம்தான். அங்கேதான் கோளாறு.

செல்லத்தாய் தயங்காமல் மாட்டேன் என்பவள். சுவர் ஓரம் வெக்கையாக இருக்கிறது, அங்கே உட்கார மாட்டேன். ஈர அட்டை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன். அவள் கை எல்லாவற்றையும் பளிச்சென்று சொல்லும். சங்கிலிமுத்து இன்பத்தைத் திரும்பிப் பார்ப்பார். "என்ன சொல்லுது?" இன்பத்தின் தொண்டையில் செல்லத்தாயின் மாட்டேனும் அதே இடத்தில்தான் உட்காரும். அடுத்தவளுடையது என்பதற்காக அது ஒன்றும் சுலபமாக வெளியே வந்துவிடவில்லை. "சரிங்குதுண்ணே" என்பாள். பிறகு செல்லத்தாயிடம் எதையாவது சொல்லிச் சமாளிப்பாள். தானும் சேர்ந்து அந்த வெக்கையில் உட்காருவாள். தனக்குக் கிடைத்த நல்ல அட்டையை அவளிடம் தள்ளிவிடுவாள். அதனால் மனசு உறுத்தவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. எட்டு வருஷத்துக்கு முன்னால், விருதுநகர் பராசக்தி கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதாகச் செல்லத்தாய் நேர்ந்திருந்தாள். அண்ணன் மகனுக்குக் காய்ச்சல் கண்டு பிழைத்த வருஷம் அது. அந்த வாரம் பார்த்து வடக்கே போக வேண்டிய ஆர்டர் ஒன்று நெருக்கியது. "வரக்கூடிய ஆளுக வாங்கத்தா" என்று சங்கிலிமுத்து பொதுவாகச் சொல்லிவிட்டு இவர்கள் பக்கம் பார்த்தார். செல்லத்தாய் கக்கத்தில் கையைச் சொருகினாள். சட்டியை ஏந்துவதுபோலக் கையைக் குவித்துக் காட்டினாள். இன்பம், "வாறோம்ணே" என்றாள்.

சொல்லிவிட்டாள். இனி செல்லத்தாயிடம் என்ன சொல்வது? இன்பத்தின் கை தானாக நெஞ்சுப் பக்கம் போய், பேனா இருக்கிற இடத்தைத் தட்டியது. பிறகு மணிக்கட்டைக் கிள்ளியது. போர்மேன் தடுக்கிறார்.

அந்தக் கிள்ளலை அவள் பொய்யாகப் போட்டது அதுதான் முதல்முறை. செல்லத்தாய் நம்பினாள். அந்தப் பாஷை பேசுகிற ஆள் உலகத்தில் இரண்டே பேர். இதில் ஒருத்தியை இன்னொருத்தி நம்பாமல் என்ன செய்ய? அந்த வாரம் முழுக்க அவள் சங்கிலிமுத்துவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷம் இரட்டைச் சட்டியாக எடுத்து நேர்த்திக்கடனைக் கழித்தாள். இன்பம் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் முழங்காலிட்டுப் பார்த்தாள். ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மன்னிக்க வேண்டியது ஆண்டவரா, அந்தப் பராசக்தியா, செல்லத்தாயா என்றே குழப்பமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேனாக் கிள்ளல் கைக்குப் பழகிவிட்டது.

தீபாவளிக்கு மூடிய கம்பெனி இருபத்தைந்து நாள் கழித்துத் திறந்தது. திறக்கிற நாளில் வேலை கிடையாது. காலையில் பூஜை, கையில் பொரிகடலையும் வாழைப்பழமும். அப்புறம் சங்கிலிமுத்து வேப்பமரத்தடியில் நோட்டை விரித்து நின்று ஒவ்வொரு பேராக வாசிப்பார். பேர், இந்த வருஷம் எந்த ரூம். வாசிக்கப்பட்ட ஆள் முன்னால் வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சரி என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் டிக் அடிப்பார். பின்னால் யாரும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிடக் கூடாதாம். அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு வழக்கம். செல்லத்தாய்க்கு ஒவ்வொரு வருஷமும் இன்பம்தான் சரி சொல்லுவாள்.

"கற்பகவல்லி, பூச்சட்டி பேக்கிங்."

"சரிண்ணே. வேற எங்கன போடப் போறீக, ஆபீஸ் ரூம்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்துவும் சிரித்துக்கொண்டே அடுத்த பேரைப் பார்த்தார்.

"இன்பம். நீ கிறிஸ்துமஸோட நின்னுக்கிடுறேன்னு கேள்விப்பட்டேன். அதுவரைக்கும் பேக்கிங்."

"சரிண்ணே."

"செல்லத்தாய்." அவர் நோட்டை மூடி விரலை நடுவில் வைத்துக்கொண்டார். "இதுக்கு இந்த வருஷம் நல்ல இடமாப் போட்டிருக்கேன் இன்பம். மருந்து செலுத்துற ரூமு. நீ போனதுக்கப்புறம் அது பேக்கிங்ல தனியா உக்காந்து என்ன செய்யும்? மருந்துக்கு நறுவிசான கை வேணும். கூலியும் கூட. எதுக்கும் முகஞ்சுளிக்காத ஆளு. சொல்லிரு."

அவர் கெட்டதாக நினைத்துச் சொல்லவில்லை. முகத்தில் நல்லது செய்கிற திருப்தி இருந்தது. அதுதான் இன்பத்தை இன்னும் கட்டிப்போட்டது.

மருந்து செலுத்துகிற ரூம்கள் வேலிக்கு அந்தப் பக்கம், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தனியாக நிற்கின்றன. நாலு பக்கமும் வாசல். ரூமுக்கு நாலே பேர். பூச்சட்டிக் குழாய்க்குள் மருந்தைப் போட்டு மெதுவாக அமுக்க வேண்டும். எங்கேயாவது உரசிச் சூடு பிடித்தால் முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உஸ் என்று ஒரு சத்தம் வரும். கேட்டவள் "ஓடு" என்று கத்துவாள். கத்தல் காதில் விழுந்ததும் நாலு பேரும் நாலு வாசலில் குதித்து ஓட வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்படித்தான் நாலு பேர் தப்பினார்கள், கூரை மட்டும் போயிற்று. அந்த ரூமில் உயிர் இருப்பது காதில்.

செல்லத்தாய் இன்பத்தைப் பார்த்தாள். தாடையைத் தூக்கினாள். என்ன?

இன்பம் வேலிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள். கட்டைவிரலால் குழாய்க்குள் அமுக்குவதுபோலச் செய்தாள்.

செல்லத்தாயின் கை கக்கத்துக்குள் போனது. போதாது என்று நினைத்தாளோ என்னவோ, கையை வெளியே எடுத்துக் காதைத் தொட்டாள். உள்ளங்கையை விரித்து ஊதினாள். இரண்டு கையையும் விரித்து மறுபடி ஊதினாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு மணிக்கட்டைக் கிள்ளினாள். விட்டுவிடாமல் கிள்ளியபடியே நின்றாள். தோல் வெளுத்துச் சிவந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் சங்கிலிமுத்து.

மரத்தடியில் நாற்பது பேர் நின்றார்கள். நாற்பது பேர் கண்களும் இன்பத்தின்மேல் நின்றன. சரி அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையோ அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. நெஞ்சுப் பக்கம், பேனா இருக்கிற இடத்துக்கு. இங்கே சரி சொல்லிவிட்டு, அங்கே போர்மேன் விடமாட்டேன் என்கிறார் என்று கிள்ளிக் காட்டிவிட்டால் முடிந்தது. செல்லத்தாய் நம்புவாள். ஒரு மாசத்தில் இன்பம் கோயம்புத்தூரில் பேரப்பிள்ளைக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள். உஸ் என்கிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்கப்போவதில்லை.

கை பாதியில் நின்றது. எப்படி நின்றது என்று இன்பத்துக்கே தெரியாது. தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணே... அது மாட்டேங்குது."

"என்னது? சத்தமாச் சொல்லு."

அய்யோ, இரண்டாவது தடவை. இன்பம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டேங்குதுண்ணே. அதுக்குக் காது கேட்காது. கத்தினா எப்பிடி ஓடும்? மருந்து ரூமுக்கு வரமாட்டேன்னு சொல்லுது."

இடி விழும் என்று தலையைக் குனிந்து நின்றாள். சங்கிலிமுத்து நோட்டை விரித்தார், பேனாவை எடுத்தார், ஒன்றை அடித்து மேலே எழுதினார்.

"அட ஆமா. அதை நான் யோசிக்கலையே. சரி, பேக்கிங்லயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். அடுத்த பேரைக்கூட வாசிக்கப் போய்விட்டார். பத்தொன்பது வருஷமாக இன்பம் பயந்துகொண்டிருந்தது இந்த இரண்டு வரிக்குத்தான். அவள் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"ஆனா ஆச்சரியமா இருக்குத்தா. இது ஒருநாளும் எதுக்கும் வேண்டாம்னு சொன்னதில்லையே. ஒரு வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு ஊரே கெளம்பிப் போச்சு, இது ஒன்கூட வந்து உக்காந்து ஒட்டிக்கிட்டிருந்துச்சு. எனக்கே மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. சட்டி எடுக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போத்தான்னு விட்டிருப்பேனே."

பேசிக்கொண்டே, பக்கத்தில் நிற்கிற செல்லத்தாய்க்கும் புரியட்டும் என்று கையால் வேறு காட்டினார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்துச் சட்டி ஏந்தினார். பிறகு விருதுநகர் இருக்கிற பக்கம் கையை வீசிக் காட்டினார். போ, போ, தாராளமாகப் போ. அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செல்லத்தாய் அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இன்பத்தின் பக்கம் திரும்பினாள். சட்டியை ஏந்தினாள். பேனா இடத்தைத் தட்டினாள். மணிக்கட்டைக் கிள்ளினாள். தாடையைத் தூக்கினாள்.

இன்பம் தன் நெஞ்சைத் தொட்டாள். வாயைத் தொட்டாள். உள்ளங்கையை விரித்து ஊதினாள். நான் சொல்லவில்லை.

"என்னத்தா, ரெண்டு பேரும் அங்கனயே நட்டுக்கிட்டு நிக்கீக?" என்றாள் கற்பகவல்லி. "வாங்க, பொரிகடலை நமுத்துப் போகுது."

அன்றைக்குப் பஸ்ஸில் செல்லத்தாய் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் வேலையில் பக்கத்து இடத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் கை பேசவில்லை. பசை வேண்டுமானால் எழுந்து போய்த் தானே எடுத்தாள். லேபிள் தீர்ந்தபோது கற்பகவல்லியின் முன்னால் போய் நின்று உள்ளங்கையை ஊதினாள். கற்பகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏ, எம்மேல எதுக்குத்தா ஊதுறே? எனக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்றாள். ரூமே சிரித்தது. இன்பம் நிமிரவில்லை. "லேபிள் இல்லைங்குது" என்று குனிந்தபடியே சொன்னாள். கற்பகவல்லி லேபிளை எடுத்துக் கொடுத்தாள். இரண்டே நாளில் அவளும் ஊதப் பழகிவிட்டாள். ஊதும்போது கூடவே "இல்லத்தா, இல்ல" என்று வாயாலும் சத்தமாகச் சொல்லுவாள். காது கேட்காத ஆளிடம் எதற்குக் கத்துகிறாய் என்று யாராவது கேட்டால், "எனக்குக் கேக்க வேண்டாமா?" என்பாள்.

நாலாம் நாள் சாயந்திரம் பஸ்ஸில் செல்லத்தாய் இன்பத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் சமாதானம் இல்லை. கோபமும் இல்லை. ரேஷன் கடையில் ஆளுக்கு ஆள் கார்டைச் சரிபார்ப்பவர் முகம் மாதிரி இருந்தது. கையைத் தூக்கினாள். இரும்பு ஊசியை உருவுவதுபோலக் காட்டினாள். இன்பம் வேலைக்குச் சேர்ந்த வருஷம். வெக்கைச் சுவரைக் காட்டினாள். கக்கத்தில் கையைச் சொருகினாள். தாடையைத் தூக்கினாள். அதைச் சொன்னாயா?

இன்பம் ஊதினாள். சொல்லவில்லை.

ஈர அட்டை?

சொல்லவில்லை.

மழையில் கூரை ஒழுகியது, இடம் மாற்றச் சொன்னேனே?

அதை இன்பம் உண்மையாகவே சொல்லியிருந்தாள். ரொம்ப நாள் யோசித்து, சங்கிலிமுத்து தனியாக வந்த ஒரு வேளை பார்த்துச் சொன்னது. அவரும் அடுத்த நாளே உடைந்த ஓடுகளை மாற்றினார். தலையை ஆட்டினாள். செல்லத்தாய் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நம்பாத மாதிரி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றதற்கெல்லாம் வராத அழுகை இன்பத்துக்கு அதற்கு வந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் பஸ்ஸில் அதுதான் வேலையாயிற்று. சிவகாசி ரோட்டிலிருந்து ஆமத்தூர் வருவதற்குள் நாலு கேள்வி, ஐந்து கேள்வி. செல்லத்தாய் எதையும் மறந்திருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவளின் மண்டையில் ஒவ்வொரு மாட்டேனும் நாள் கிழமையோடு இருந்தது. எந்தச் சேலை உடுத்தியிருந்தாள், யார் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டினாள். இன்பத்துக்குக் கை வலித்தது. பகல் முழுக்க ஒட்டிவிட்டு வந்து இப்படி ஊதிக்கொண்டிருப்பதைவிட, ஒரே அடியாக எல்லாவற்றுக்கும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆனால் செல்லத்தாய் விடவில்லை. ஒவ்வொன்றாகத்தான் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெஸ்லின் போன் செய்தாள். "டிக்கெட் போட்டுரவாம்மா?"

"பொங்கலுக்கு மேல வாறேன்."

"ஏம்மா? அவுக பிடிச்சுக்கிட்டாகளா? நீங்க எதுக்கும் சரி சரின்னு மண்டைய ஆட்டுவீகளே. முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவுக ஒண்ணும் சொல்லல" என்றாள் இன்பம். "எனக்கு இங்கன ஒரு வேலை கெடக்கு."

அன்று சாயந்திரம் கேள்வி, இன்பம் வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருஷத்துக்கு வந்திருந்தது. செல்லத்தாய் உடனே கையைத் தூக்கவில்லை. ஆமத்தூர் நெருங்குகிறவரை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு மீசையை முறுக்குவதுபோல ஒரு விரலைக் காட்டினாள். கடைத் தராசைத் தூக்குவதுபோலக் கையைக் காட்டினாள். யாரென்று இன்பத்துக்கு உடனே புரிந்தது.

காரியாபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஆள். பெண்சாதி இறந்தவன். செல்லத்தாயைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். கண்ணுச்சாமி கம்பெனி வாசலுக்கே வந்து இன்பத்தைக் கூப்பிட்டு, "ஒனக்குத்தான் அவ பாஷை தெரியும், கேட்டுச் சொல்லுத்தா" என்றார். செல்லத்தாய் அன்றைக்கு வேண்டாம் என்று புறங்கையால் தள்ளவில்லை. கண்ணைத் தொட்டாள், மீசையைக் காட்டினாள். ஆளை முதலில் பார்க்க வேண்டும் என்றாள். காதுவரைக்கும் சிவந்திருந்தாள். இதைப் போய் ஒரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? வாசலில் வாட்ச்மேன் வேறு நின்றான். "அது ஒண்ணும் சொல்லலண்ணே" என்றாள் இன்பம். கண்ணுச்சாமி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. செல்லத்தாய் ஒரு மாதம் வாசலைப் பார்த்திருந்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. செல்லத்தாய் கண்ணைத் தொட்டாள், மீசையைக் காட்டினாள், தாடையைத் தூக்கினாள்.

தலையை ஆட்டிவிடலாம். ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன், அவன்தான் வரவில்லை என்று காட்டிவிடலாம். எப்படியும் நம்பப் போவதில்லை. ஆனால் ஒருவேளை இதை மட்டும் நம்பிவிட்டால்?

இன்பம் வாயைத் தொட்டாள். உள்ளங்கையை விரித்தாள். ஊத மூச்சு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து ஊதினாள்.

செல்லத்தாய் தலையை அசைத்தாள். தெரியும் என்பதுபோலவும் இருந்தது, குறித்துக்கொண்டேன் என்பதுபோலவும் இருந்தது. ஆமத்தூர் வந்ததும் இறங்கினாள். இன்பம் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்குகிறவரை கீழே நின்றாள், ஆனால் கையைக் கொடுக்கவில்லை. பிறகு ஒருத்தி கிழக்கேயும் ஒருத்தி மேற்கேயுமாக நடந்தார்கள்.

மறுநாள் சாயந்திரமும் செல்லத்தாய் பக்கத்து சீட்டில்தான் வந்து உட்கார்ந்தாள். கணக்கு முடிய இன்னும் பதினோரு வருஷம் மீதி இருந்தது.